பால் மறக்கடித்த கோடை

என் மகள் தன்யாவுக்குப் பால் மறக்கடிக்க நாலு நாள் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அந்தக் கோடை முழுவதும் தேவைப்பட்டது. அதில் ஒரு பகுதியைத் திருப்பதியில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கழித்தேன். இப்போது உடம்பு தேறிவிட்டது. என்னைப்போல் அவசரத்தில் இருக்கும் இன்னொரு பெண் படிக்கக்கூடும் என்பதால், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு நகரியில். கணவர் சேகருக்கு விசைத்தறி வேலை. நான் நுண்ணுயிரியல் படித்தவள். கல்யாணமாகி, தன்யா பிறந்து, படித்தது எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பங்காருபாளையம் பக்கம் உள்ள ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் ஆய்வகத்துக்கு ஆள் எடுத்தார்கள். மாம்பழ சீசன் முடியும் வரைதான் வேலை. நன்றாகச் செய்தால் நிரந்தரம் என்றார்கள். வெள்ளிக்கிழமை போன் வந்தது, திங்கட்கிழமை சேரவேண்டும். நகரியிலிருந்து தினமும் போய்வர முடியாது. சித்தூரில் ஒரு அறை எடுத்துத் தங்கினால் கம்பெனி வண்டி தெருமுனைக்கே வரும்.

தன்யாவுக்கு அப்போது ஒன்றேகால் வயது. சோறு, இட்லி எல்லாம் சாப்பிடுவாள். ஆனால் தூங்குவதற்கு, எழுந்ததற்கு, விழுந்ததற்கு, யாராவது புதிதாக வீட்டுக்கு வந்ததற்கு, எல்லாவற்றுக்கும் பால் வேண்டும்.

"நீ போ வாணி. கொழந்தைய நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை, அதாவது என் மாமியார். "வேப்பெண்ண தடவு. நாலு நாள் உன் மூஞ்சி கண்ல படாம இருந்தா தானா மறந்துடும். நம்ம தெருவுல எல்லாம் அப்டித்தான் செய்றாங்க."

சனிக்கிழமை காலை தடவினேன். தன்யா வழக்கம்போல மடியில் ஏறி வாய் வைத்தாள். உடம்பு ஒருமுறை உதறியது. வாயை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தவள்போலப் பார்த்தாள். திரும்பவும் வாய் வைத்தாள். மூன்றாம் முறை மார்பைக் கையால் அடித்துவிட்டு, அதன் பிறகுதான் அழுதாள். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தூர் வந்து சேர்ந்தேன். என்னோடு அறையில் இருந்தவள் பவானி. என்னைவிடச் சின்னவள், தெலுங்குப் பெண், அதே தொழிற்சாலையில் வேலை. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவாள். அன்று இரவு நான் தூங்கினேன். தன்யா பிறந்த பிறகு முதல்முறையாக, நடுவில் ஒருமுறைகூட எழாமல் தூங்கினேன். காலையில் நிதானமாகக் குளித்தேன். காபியைச் சூடு ஆறுவதற்குள் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு போனபோது சந்தோஷமாக இருந்தது. பின்னால் வந்த வலியையும் காய்ச்சலையும்விட அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. குழந்தை அங்கே அழுதுகொண்டிருந்த நேரம் அது.

மதியத்துக்குள் பால் கட்டிக்கொண்டது. இரண்டு மார்பும் கல்லாக இறுகி, அக்குள் வரை தெறித்தது. ஆய்வகத்தில் கூழை எடுத்து இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, கிருமி உண்டா என்று பார்ப்பது என் வேலை. வெள்ளைக் கோட்டுக்கு மேலேயே ஈரம் தெரிந்தது. ஒரு தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பவானி பார்த்துவிட்டாள். வரும் வழியில் மல்லிகைச் சரம் வாங்கிவந்தாள்.

"அக்கா, மா ஊர்ல, எங்க பக்கம், பூ வெச்சு கட்டுவாங்க. பால் இறங்கிடும்."

பூவை வைத்து, அதன் மேல் துண்டை இறுக்கிக் கட்டினோம். எவ்வளவு இறுக்கினால் அவ்வளவு சீக்கிரம் வற்றும் என்று நினைத்தேன். மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தும் அவிழ்க்கவில்லை. ஒரு சொட்டுகூடப் பீய்ச்சவில்லை. பீய்ச்சினால் இன்னும் ஊறும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் ராத்திரி சேகர் வீடியோ கால் போடுவார். மூன்றாம் நாள் தன்யா திரையைப் பார்த்து "மா" என்று அழுதாள். அந்தக் குரல் கேட்டதும் கட்டிய துணிக்குள் பால் குபுகுபுவென்று இறங்கியது. ஊசி குத்துவதுபோல் வலி. மறுநாளிலிருந்து "இங்க டவர் இல்லங்க, வெறும் போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். டவர் நன்றாகவே இருந்தது.

அதற்கப்புறம் குளிரும் காய்ச்சலும் வந்தன. பக்கத்திலிருந்த கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஆண் டாக்டர். காய்ச்சல், உடம்பு வலி என்று மட்டும் சொன்னேன். மார்பைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். சொல்லாததற்கு அவர் எப்படி வைத்தியம் பார்ப்பார்? மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். இடது மார்பில் விசிறி விரித்ததுபோல ஒரு சிவப்பு படர்ந்தது. தொட்டால் நெருப்பு. நடுவில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. நான்கு வருடம் கிருமிகளைப் பற்றிப் படித்தவள் நான். கூழில் கிருமி வளர்ந்தால் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவேன். என் உடம்பில் வளர்ந்ததைச் சூட்டுக்கட்டி என்று சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் காலை குளியலறையில் கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. பவானி வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, எங்க காட்டு."

"ஒண்ணுமில்ல பவானி."

"காட்டு அக்கா!" என்று அதட்டினாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அய்யோ, ஏந்தி அக்கா இது? நான் கட்டின துண்டுதானா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு அவளும் வேலைக்குப் போகவில்லை. ஆட்டோவில் வைத்து சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் கோத்திருக்கிறது, திருப்பதிக்குப் போய்விடுங்கள் என்றார்கள்.

திருப்பதி மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் பேருந்து நிலையம்போல இருந்தது. பாதித் தலைகள் மொட்டை. மலையிலிருந்து இறங்கிவந்த இடத்தில் உடம்பு சரியில்லாமல் போனவர்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்கள்தான் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தார்கள். யாருடைய குழந்தை அழுதாலும் எனக்குப் பால் சுரந்தது. பவானி போன் செய்ததும், நகரியிலிருந்து சேகர் தறி வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

"இன்னா வாணி இது? போன்ல ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"பாப்பா எப்டி இருக்கா?"

"அவ நல்லாக்கீறா. நல்லா துன்றா. உன்ன கேக்கறதே இல்ல, நீ கவலப்படாத."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

ஸ்கேன் அறையில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை வைத்து மெல்ல உருட்டினார்கள். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு கறுப்புக் குட்டை தெரிந்தது. அதுதான் சீழ். பார்த்த டாக்டரம்மா நடுவயதுக்காரர், தாய்மொழி தெலுங்கு. எனக்காகத் தமிழில் பேசினார்.

"எப்ப பால் நிறுத்தினீங்க?"

சொன்னேன்.

"ஒரே நாள்ல? மொத்தமா?"

"ஆமா மேடம்."

அவர் திட்டவில்லை. ஒரு தாளின் பின்பக்கம் கிளைகள் விரிந்த மரம்போல ஒரு படம் போட்டு விளக்கினார். பால் வரும் குழாய்கள் இவை. குழந்தை திடீரென்று குடிக்காமல் விட்டாலும் மார்புக்கு அது தெரியாது, வழக்கம்போலச் சுரக்கும். வெளியே போக வழியில்லாமல் தேங்கும். இறுக்கிக் கட்டினால் குழாய் இன்னும் நசுங்கும். தேங்கிய இடம் வீங்கிச் சிவந்து காய்ச்சல் வருவதற்கு மாஸ்டைட்டிஸ் என்று பெயர், மார்பக அழற்சி. கிருமியும் சேர்ந்து, அதையும் கவனிக்காமல் விட்டால் சீழ் கட்டும். அதுதான் ஆப்செஸ்.

"எனக்கு இது வேணும் மேடம்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"என்ன வேணும்?"

"கொழந்தைய விட்டுட்டு வந்ததுக்கு."

அவர் பேனாவை மூடினார். "ஏமம்மா, சீழுக்கு நீ நல்ல அம்மாவா கெட்ட அம்மாவான்னு தெரியுமா? அது தேங்கின இடத்துல வரும். படுங்க, எடுத்துடலாம்."

மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே பெரிய ஊசியால் சீழை உறிஞ்சினார்கள். அழுத்தம் குறைந்ததும் எனக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. அவர் சொன்னதை நம்ப ஆசையாக இருந்தது, நம்ப முடியவில்லை. வேலைக்கென்று ஓடாமல் இருந்திருந்தால் மெதுவாக நிறுத்தியிருப்பேனே என்று மனம் திருப்பித் திருப்பிக் கேட்டது.

வார்டில் படுக்கவைத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடவேண்டும் என்றார் நர்ஸ். வீங்கிய மார்பை ஓங்கி அமுக்கக்கூடாது. காம்புக்குச் சற்றுப் பின்னால் விரல்களை வைத்து, உள்பக்கமாக மெல்ல அழுத்தி விடவேண்டும். முடிந்ததும் ஈரத்துணியோ ஐஸ் பையோ வைத்தால் வீக்கம் குறையும். அந்தக் குளிர்ச்சியில் கிடைத்த நிம்மதியை எந்த மல்லிகையும் எனக்குத் தரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் சுகுணா இருந்தாள். சூளூர்பேட்டைக்காரி. அவளுக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்து, குழந்தை தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இவள் கட்டிலில் உட்கார்ந்து கை பம்பை வைத்து இழுத்து இழுத்துப் பார்ப்பாள். அடியில் ஈரம்தான் தெரியும். அதையும் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவாள்.

நான் பீய்ச்சியபோது கிண்ணம் பாதி நிறைந்தது. சுகுணா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்கு வலிக்கிற பக்கம் வேணாம். அந்தப் பக்கம் நல்லாத்தான கீது? அத எம் பாப்பாவுக்குக் குடுக்கலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடுக்க ஆசையாகவும் இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் பொறுமையாகச் சொன்னார். பிறர் பாலைக் கொடுப்பதென்றால் அந்தத் தாய்க்குக் காய்ச்சலும் தொற்றும் இருக்கக்கூடாது, இரத்தம் சோதிக்கவேண்டும், பாலைக் காய்ச்சிப் பதப்படுத்தவேண்டும். எடை குறைந்த குழந்தைக்கு இப்படி நேராகக் கொடுக்கவே கூடாது.

"சரி சிஸ்டர்" என்றாள் சுகுணா. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போனேன். பாலை ஊற்றும் சத்தம் அவளுக்குக் கேட்கக்கூடாது என்று முதலில் குழாயைத் திறந்துவிட்டேன். வெள்ளையாகச் சுழன்று இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நகரியில் ஒரு குழந்தை கேட்டு அழுத பால். மாடியில் ஒரு குழந்தைக்குத் தேவைப்பட்ட பால்.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது, பால் வற்றுவதற்கு மாத்திரை கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"சீழ் இருக்கும்போது சட்டுனு வத்த வெக்கறது சரியில்ல. அப்புறம் பாக்கலாம். உங்க பாப்பா குடிச்சா நல்லதுதானே? வரச் சொல்லுங்களேன்."

"இந்தப் பாலையா?"

"அந்த நல்ல பக்கத்துல தாராளமா குடிக்கலாம். நான் குடுக்கற மருந்தும் கொழந்தைக்கு ஒண்ணும் செய்யாது."

இவ்வளவு நாளும் என் பால் விஷமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உடனே சேகருக்குப் போன் செய்தேன். அன்று மதியம் அத்தையும் சேகரும் தன்யாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பச்சைக் கவுன், பவுடர் பூசிய முகம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், கையை நீட்டினாள். மடியில் வாங்கிக்கொண்டு, சுத்தமாகத் துடைத்திருந்த வலது மார்பைத் திறந்தேன்.

தன்யாவின் முகம் சுருங்கியது. உதட்டை இறுக மூடிக்கொண்டாள். "கச்சு" என்றாள். கசப்பு என்பதற்கு அவள் புதிதாகக் கற்றிருந்த சொல் அது. நான் கொஞ்சம் பாலை விரலில் எடுத்து அவள் உதட்டில் வைத்தேன். கசக்கவில்லை என்று அவளுக்குத் தெரியவேண்டும். அவள் அத்தையின் சேலையில் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்துவிட்டாள்.

சேகர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அத்தை குழந்தையோடு வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தையைச் சேகரிடம் கொடுத்துவிட்டுத் தனியாக வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வேப்பெண்ண தடவச் சொன்னது நான்தான்."

"தடவனது நான்தான் அத்த."

"நீ போன அன்னைக்கு ராவெல்லாம் அவ வாசல பாத்துகினு அழுதா. சேகரு உனக்கு போன் போடறேன்னான். நான்தான் வேணாம்னு தடுத்தேன். சொன்னா நீ ஓடி வந்துடுவ, வேல போய்டும்னு." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழியவிட்டார். "நான் பத்தாங்கிளாஸுகூட முடிக்கல வாணி. நம்ம வூட்ல ஒருத்தி வெள்ளக் கோட்டு போட்டுகினு வேலைக்குப் போறான்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தேன்."

உங்கள் தப்பு இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவர் போன் செய்யவிட்டிருந்தால் நான் ஓடி வந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. அதனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் குழந்தைப் பவுடர் வாசனை இருந்தது.

சீழ் மறுபடியும் ஊறியது. இரண்டாவது முறை ஊசியில் முழுவதும் வராததால் சின்னதாகக் கீறி, வடிவதற்குத் திரி வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் திரி மாற்றும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். சுகுணா வந்து என் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்வாள். என்னால் கொடுக்க முடியாமல்போன பாலுக்காக அவள் என்மேல் கோபமாக இருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டேவிட்டேன்.

"அய்ய, இன்னா அக்கா நீ! நீ வேணான்னா சொன்ன?" என்றாள்.

அப்புறம் அவளுடைய குழந்தையைத் தினமும் அவள் நெஞ்சோடு தோலில் தோல் படக் கிடத்திவைக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் சிரிஞ்சு முக்கால் நிறைந்திருந்தது. மாடிக்குப் போவதற்கு முன் அதை என் கட்டிலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். வார்டே பார்த்தது. அந்தக் கோடையில் குற்ற உணர்ச்சி கலக்காமல் நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நிமிடம்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். பால் நிறுத்துவது தப்பே இல்லை. ஆனால் ஒரு நாளில் ஒரு வேளையை மட்டும் விடவேண்டும். உடம்பு பழகச் சில நாள் கொடுத்து, பிறகு அடுத்த வேளையை விடவேண்டும். மார்பு கனத்தால், கனம் குறையும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சலாம். காலியாகும் வரை பீய்ச்சினால்தான் மேலும் ஊறும். இறுக்கிக் கட்டாமல், நன்றாகத் தாங்கும் உள்ளாடை போடவேண்டும். குளிர்ந்த துணி வைக்கலாம். வலிக்கு எந்த மாத்திரை என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். சிவப்பு, கட்டி, காய்ச்சல் என்று எது வந்தாலும் காத்திருக்காமல், எந்த டாக்டராக இருந்தாலும் வெட்கப்படாமல் காட்டவேண்டும்.

தன்யா திரும்பக் குடிக்கவேயில்லை. அதனால் குடிக்கிற குழந்தை இல்லாமலே நான் மெதுவாக நிறுத்தினேன். அவளுடைய வேளைகளை நினைவில் வைத்து என் கைகளால் பீய்ச்சி, ஒவ்வொன்றாகக் குறைத்தேன். மதியத்தூக்கப் பாலை முதலில் விட்டேன். காலையில் எழுந்ததும் குடிப்பதைக் கடைசியில் விட்டேன். ஒருநாள் அமுக்கிப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. இன்னொருமுறை பார்த்தேன். சேகரைக் கூப்பிட்டு "நின்னுபோச்சுங்க" என்றேன். "நல்லதாப்போச்சு" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தொழிற்சாலையில் இடத்தை நிரப்பாமல் வைத்திருந்தார்கள். மாம்பழ சீசன் இன்னும் முடியவில்லை. போகலாமா வேண்டாமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கும் தைரியம் இல்லை. அத்தைதான் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்களும் வர்றோம். சேகரு ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்கட்டும்."

சித்தூரில் பவானியின் அறைக்குக் கீழேயே ஒரு போர்ஷன் கிடைத்தது. மீண்டும் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு காலை, சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்த தன்யா எழுந்துவந்து என் முழங்காலைப் பிடித்தாள். குனிந்தேன். அவள் விரல் மார்பின் தழும்பில் பட்டது. அவள் தழும்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாயைக் குவித்து, "ஊஃப், ஊஃப்" என்று ஊதினாள். இட்லித் துணுக்குகள் என்மேல் தெறித்தன. ஊதி முடித்ததும் வேலை முடிந்ததுபோலத் தட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவள் என்னை எதற்கும் குற்றம் சொன்னதே இல்லை. சொல்லிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

தெருமுனையில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. "இன்னா வாணி, நின்னுகினே கீற?" என்று அத்தை உள்ளேயிருந்து சத்தம் போட்டார். பொத்தானைப் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினேன். வாசலில் திரும்பி டாட்டா சொன்னேன். தன்யா தட்டிலிருந்து நிமிராமல் ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினாள்.